தாம்பரத்துப் போக்குவரத்தும் நம் வண்டிக்கூலியும்

நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகள் சங்கமாயினும், அதன் வரவு செலவுக் கணக்கில் ‘வண்டிக்கூலி’ என்றொரு தலைப்பு தவறாமல் இருக்கும். நிர்வாகக் குழுவினர் நூல் விலையைப் பற்றி விவாதிப்பர். நெய்கூலியைப் பற்றி விவாதிப்பர். வட்டி விகிதத்தைப் பற்றி இரண்டு மணி நேரங்கூட விவாதிப்பர். வண்டிக்கூலி என்ற வரி வாசிக்கப்படும்போது மட்டும், ‘அது ஆகிறதுதானே’ என்று கூறி அடுத்த பொருளுக்குச் சென்று விடுவர். பல கூட்டங்களில் நான் கண்ட காட்சி இது.

சில காலத்துக்கு முன், சென்னையின் தென் புறநகரிலுள்ள நெசவாளர் சங்கம் ஒன்றில் ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தேன். அங்கே பரணில் கிடந்த பழைய ரொக்கப் புத்தகம் ஒன்று என் கைக்கு வந்தது. ஓரங்கள் செல்லரித்திருந்தன, மை பழுப்பேறியிருந்தது. ஒரே துணி மூட்டைக்கு அதில் நான்கு செலவுகள் எழுதப்பட்டிருந்தன. தறி வீட்டிலிருந்து சங்கத்துக்குத் தலைச்சுமைக் கூலி. சங்கத்திலிருந்து பல்லாவரம் ஸ்டேஷனுக்கு மாட்டு வண்டிச் சத்தம். பிறகு ரயில் சத்தம். கடைசியாக எழும்பூரில் போர்ட்டர் கூலி. அருகிலிருந்த மூத்த நெசவாளர் ஒருவரை நோக்கி, “பெரியவரே, ரயிலுக்கு இவ்வளவு செலவா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “ரயிலுக்குக் கொடுத்தது கொஞ்சந்தான் ஐயா. ரயிலண்டை போய்ச் சேருவதற்குக் கொடுத்ததுதான் ஜாஸ்தி” என்றார்.

அந்தச் சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை. தாம்பரம் வட்டாரத்தில் போக்குவரத்து வளர்ந்த வரலாற்றை அதன் பிறகு வேறு கண்கொண்டு பார்க்கலானேன். சாலை வந்தது, ரயில் வந்தது, மின்சார வண்டி வந்தது, பஸ் வந்தது, ஆகாய விமானமும் வந்தது என்று வரிசையாகச் சொல்வது எளிது. ஆனால் நெய்கிறவனுக்கும் பயிரிடுகிறவனுக்கும் உரிய கேள்வி வேறு. நம் மூட்டை எத்தனை முறை ஏற்றி இறக்கப்பட்டது? இறுதியில் அது இறங்கிய இடத்தில் சந்தை இருந்ததா? இவ்விரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு அந்த வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

சாலையும் பாலமும்

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையின் மேல் தாம்பரம் அமைந்திருக்கிறது. கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு என்பது அச்சாலையின் பழைய பெயர். ஜி.எஸ்.டி. ரோடு என்று இன்றும் யாவரும் வழங்குகின்றனர். நெடுங்காலம் 45-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையாக இருந்து இப்போது 32-ஆம் எண் பெற்றிருக்கிறது. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் படைவீடுகள் இருந்தமையால் இச்சாலையைச் செம்மையாக வைத்துக்கொள்வதில் ஆங்கிலேயருக்கு அக்கறை இருந்தது. 1759 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரருக்கும் அவர்களுக்கும் பரங்கிமலையருகே போரே நடந்திருக்கிறது. பீரங்கி செல்வதற்காகச் செப்பனிட்ட சாலையில் நெல் வண்டியும் சென்றது.

ஆனால் சாலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நடுவே அடையாறு கிடந்தது. கோடையில் வண்டியை ஆற்றில் இறக்கி ஏற்றலாம். கார்த்திகை மழையில் அது நடவாது. இத்தடையை நீக்கியது அரசாங்கம் அன்று, ஒரு வணிகர். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726-இல் தம் சொந்தப் பொருளைக்கொண்டு சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டினார். மார்மலாங் பாலம் என்று அது பெயர் பெற்றது. அதே இடத்தில் பிற்காலத்தில் எழுந்த புதிய பாலத்திற்கு மறைமலையடிகள் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. உஸ்கான் செய்த இன்னொரு காரியம் நம் போன்றோர் கவனிக்கத்தக்கது. பாலத்தைக் கட்டியதோடு நில்லாமல், அதைப் பழுது பார்ப்பதற்கென்று தனியாக ஒரு தொகையையும் ஒதுக்கி வைத்துப் போனார். சேமநிதி, தேய்மான நிதி என்று நாம் சங்கங்களில் வாய் வலிக்கச் சொல்வதை அவர் சட்டம் ஏதுமின்றியே செய்திருக்கிறார்! கட்டடம் கட்டி ஐந்தாண்டுகளில் கூரை ஒழுகும் சங்கக் கிடங்குகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருவதுண்டு.

அக்காலத்து வண்டிப் பிரயாணத்தை இன்றைய இளைஞர்கள் அறிய மாட்டார்கள். பாரம் ஏற்றிய கட்டை வண்டி மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் நடக்கும். தாம்பரத்திலிருந்து பட்டணத்துக் கடைவீதிக்கு ஓர் இரவுப் பயணம். வண்டிக்கடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டிருக்க, வண்டிக்காரர் மூட்டைகளின் மேல் படுத்துறங்க, மாடுகள் தாமே வழி கண்டு செல்லும். மெதுவான பயணந்தான். ஆனால் அதில் ஒரு நன்மை இருந்தது. களத்துமேட்டில் ஏற்றிய மூட்டை மண்டி வாசலில்தான் இறங்கும். இடையில் கை மாறுவதில்லை. ஏற்றுக்கூலி ஒன்று, இறக்குக்கூலி ஒன்று, அவ்வளவே. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தை இந்த வண்டிகளின் காலத்தை நமக்கு நினைவூட்டுவது. அது கூடுகிற சாலைக்கு இன்றும் பழைய டிரங்க் ரோடு என்றே பெயர்.

கிழக்கே சோழிங்கநல்லூர்ப் பக்கத்தாருக்கு நீர்வழியும் இருந்தது. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்துக் கால்வாய் வெட்டப்பட்டது. 1878-இல் முழுக் கால்வாய்க்கும் அன்றைய கவர்னரான பக்கிங்காம் பிரபுவின் பெயர் இடப்பட்டது. விறகும் உப்பும் தோணிகளில் வந்தன. கூலி மலிவு, வேகமோ நத்தை வேகம். சரக்குத் தோணிகள் மறைந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. கால்வாய் இன்று இருக்கும் நிலையை அவ்வழியே பஸ்ஸில் செல்வோர் மூக்கே சொல்லும்.

குறுகிய தண்டவாளம்

சென்னையிலிருந்து செங்கற்பட்டு வழியாகத் தெற்கே செல்லும் ரயில் பாதை 1870-களின் பிற்பகுதியில் திறக்கப்பட்டது. 1874-இல் உருவான தென்னிந்திய ரயில்வே என்ற ஆங்கிலக் கம்பெனி அதை நடத்தியது. சிக்கனத்தை முன்னிட்டு மீட்டர் பாதையாக அது போடப்பட்டது. அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,000 மில்லிமீட்டர் அகலம். சென்னை சென்ட்ரலிலிருந்து மேற்கேயும் வடக்கேயும் சென்ற பாதைகளோ 1,676 மில்லிமீட்டர் கொண்ட அகலப் பாதைகள்.

அங்கத்தினர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். இந்த 676 மில்லிமீட்டர் வித்தியாசத்திற்கு நம் வட்டாரம் நூறாண்டுகளுக்கு மேல் விலை கொடுத்திருக்கிறது. மதுரையிலிருந்து நூல் வந்தால் அது மீட்டர் பாதையிலேயே நேராகத் தாம்பரம் வந்து சேரலாம். கோயம்புத்தூரிலிருந்தோ பம்பாயிலிருந்தோ வருகிற சரக்கு அகலப் பாதையில் பட்டணம் வரை வந்து, அங்கே இறக்கப்பட்டு, வேறு வண்டியில் ஏற்றப்பட்டுத்தான் தெற்கே திரும்ப முடியும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கூலி உண்டு, தாமதம் உண்டு, கொக்கி குத்திக் கிழிந்த சிப்பமும் உண்டு. நனைந்த நூல் எந்த ஸ்டேஷனில் நனைந்தது என்று எவரும் பொறுப்பேற்க மாட்டார்கள். தொலைவு ஒன்றாயிருந்தாலும் செலவு ஒன்றாகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

1931 மே மாதம் 11-ஆம் தேதி முதல், கடற்கரை ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் இடையே பொதுமக்களுக்காக மின்சார ரயில் ஓடலாயிற்று. பம்பாயில் 1925-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. எனினும் இந்தியாவில் மீட்டர் பாதையில் ஓடிய முதல் மின்சார ரயில் நம்முடையதே. ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தூரம். நெடுந்தொலைவு வண்டிகளோடு கலவாமல் ஓடப் புறநகர் வண்டிகளுக்கென்று தனித் தடங்கள் போடப்பட்டன. 1,500 வோல்ட் நேர் மின்சாரத்தில் அவை ஓடின. 1967-இல் அது 25,000 வோல்ட் மாறு மின்சாரமாக மாற்றப்பட்டது.

இந்த ரயிலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஆபீஸ் குமாஸ்தாவைப் பற்றியே பேசுவர். அவர் மாம்பலத்தில் மனை வாங்கினார், குரோம்பேட்டையில் வீடு கட்டினார், சீசன் டிக்கட் எடுத்துக் கோட்டைக்குப் போய் வந்தார் என்பதெல்லாம் உண்மையே. ரயில் ஊர்களையே உண்டாக்கிற்று. 1928-இல் டாக்டர் சவுரி முத்து தொடங்கிய க்ஷயரோக மருத்துவமனை ஒரு ஸ்டேஷனுக்கே பெயர் தந்து, தாம்பரம் சானடோரியம் என்று நிலைத்துவிட்டது. குரோம் தோல் கம்பெனியால் குரோம்பேட்டை பெயர் பெற்றது. 1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு நீங்கித் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. மின்சார ரயில் இல்லாவிடில் அத்தனை மாணவரை அங்கே வரச் செய்வது எளிதாயிருந்திராது.

ஆனால் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. சரக்கையும் அன்று மறந்துவிடவில்லை. ஆள் வண்டிகளோடு, சரக்கு வண்டிகளை இழுப்பதற்கென்றே தனி மின்சார எஞ்சின்களையும் அந்தக் கம்பெனி 1930-ஐ ஒட்டிச் சீமையிலிருந்து வரவழைத்தது. ஒரு சிக்கல் இருந்தது. சரக்கு ஏற்றி இறக்கும் பக்கத் தடங்களின் மேல் மின்கம்பி கிடையாது. அங்கே எஞ்சின் எப்படிச் செல்லும்? அதற்காகப் பாட்டரிகள் நிறைந்த ஒரு துணை வண்டியை எஞ்சினோடு பூட்டினர். கம்பியுள்ள இடத்தில் கம்பியிலிருந்தும், இல்லாத இடத்தில் பாட்டரியிலிருந்தும் மின்சாரம் பெற்று அது ஊர்ந்து சென்றது. அவற்றுள் ஒன்று டில்லி ரயில்வே மியூஸியத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. மூட்டை இருக்கும் இடத்துக்கே வண்டி போக வேண்டும் என்று சிந்தித்த அந்தப் பொறியாளர், நம் பெரியவர் சொன்ன ‘ரயிலண்டை போகும் செலவை’ அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ரயில் இறங்கிய இடத்தில் சந்தை

புறநகர் ரயில் கையில் கூடை வைத்திருப்பவருக்கு நன்மை செய்தது. அதற்குக் காரணம் வண்டியின் வேகம் மட்டுமன்று. பட்டணத்தின் மொத்தக் காய்கறி வாணிகம் ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடியில் நடந்து வந்தது. கடற்கரை ஸ்டேஷனிலோ கோட்டை ஸ்டேஷனிலோ இறங்கினால் தலைச்சுமையாகவோ கைவண்டியிலோ சாவடிக்குப் போய்விடலாம். முடிச்சூர், மாடம்பாக்கம், அகரம்தென் முதலிய ஊர்களில் ஏரிப் பாசனத்தில் விளைந்த கத்தரியும் கீரையும் விடியற்காலை வண்டியேறி, வெயில் ஏறுமுன் சாவடியைச் சேர்ந்துவிட வழியிருந்தது. கீரைக்கு இது உயிர் போன்ற விஷயம். இரண்டு மணி நேரத் தாமதத்தில் கத்தரி விலை குறையும். கீரைக்கோ விலையே இராது.

நெசவாளருக்கும் அப்படியே. பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் செல்லும் சாலையில், அடையாற்றங்கரையில் இருக்கிறது அனகாபுத்தூர். கட்டம் போட்ட கைத்தறித் துணிக்குப் பெயர் பெற்ற ஊர். ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீப்’ என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, சிறப்பாக நைஜீரியாவுக்கு, ஏற்றுமதியான சதுரத் துணிகளை இவ்வூர்த் தறிகளும் நெய்தன. பல்லாவரம் ஸ்டேஷனில் ஏற்றினால் கடற்கரை ஸ்டேஷன், எதிரே துறைமுகம். உள்நாட்டு விற்பனைக்கோ, 1935-இல் தொடங்கிய நம் கோ-ஆப்டெக்ஸின் தலைமை இடம் எழும்பூர்ப் பாந்தியன் சாலையில். அதுவும் ரயிலடிக்கு அருகில். ஊரிலிருந்து ஸ்டேஷனுக்குள்ள நாலைந்து கிலோமீட்டர் மாட்டு வண்டியில் கழிந்தது. அந்தத் துண்டுப் பயணத்துக்கு ஆன செலவைத்தான் பழைய ரொக்கப் புத்தகத்தில் கண்டேன். ஏற்றுமதி வாணிகம் பின்னாளில் ஒடுங்கியது. வாழைநார் முதலிய இயற்கை நார்களைக் கொண்டு நெய்து அவ்வூரார் இப்போது புதுவழி தேடியிருக்கின்றனர்.

மோட்டார் பஸ்ஸைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். தனியார் பஸ்கள் ஓடின. இரண்டாவது உலகப் போரில் பெட்ரோல் பங்கீடு வந்தபோது கரிவாயுவில் ஓடின. 1947-ஐ ஒட்டி நகர பஸ்களை அரசாங்கம் ஏற்றது. 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. பஸ் நம் கிராமங்களுக்குள் நுழைந்தது பெரிய நன்மை. எனினும் அதன் கூரையில் ஏறும் மூட்டைக்கு எல்லையுண்டு. கண்டக்டரின் மனநிலையும் அந்த எல்லையில் சேர்ந்தது.

லாரிதான் உண்மையான மாறுதலைச் செய்தது. சங்கத்து வாசலில் ஏற்றிக் கடை வாசலில் இறக்கும் பழைய கட்டை வண்டியின் குணம், ரயிலின் வேகத்தோடு சேர்ந்து லாரியில் திரும்பி வந்தது. ரயில்வேயோ முழு வாகன் நிரம்பும் சரக்கிலேயே நாட்டங்கொண்டு, சில்லறை மூட்டைகளைப் படிப்படியாகக் கைவிட்டது. கல்லும் சிமிட்டியும் நிலக்கரியும் ஏற்றுவோருக்கு அது பொருந்தும். மாதத்துக்குப் பத்துச் சிப்பம் துணி அனுப்பும் சங்கத்துக்குப் பொருந்தாது. மீட்டர் பாதையும் மறைந்தது. கடற்கரை–தாம்பரம் தடத்தில் மீட்டர் பாதை மின்சார ரயில் 2004 ஜூலை 1-ஆம் தேதி கடைசியாக ஓடியது. இன்று கோயம்புத்தூர்ச் சிப்பம் தண்டவாளம் மாறாமல் தாம்பரத்துக்கு வர இயலும். எந்த வித்தியாசத்துக்காக நூறாண்டு விலை கொடுத்தோமோ அது நீங்கிய வேளையில், நம் சில்லறை மூட்டைகள் ரயிலை விட்டே இறங்கிவிட்டிருந்தன என்பதை நினைத்தால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

சந்தை இடம் பெயர்ந்தபோது

தண்டவாளத்தைவிடப் பெரிய மாறுதல் 1996-இல் நிகழ்ந்தது. கொத்தவால் சாவடியின் மொத்தக் காய்கறி வாணிகம் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. சாவடியின் நெருக்கடியை அறிந்தவர் எவரும் அதைத் தவறென்று சொல்லார். இரவெல்லாம் லாரிகள் அடைத்து நின்ற சந்துகள் அவை. ஆனால் கோயம்பேட்டில் புறநகர் ரயில் இல்லை. விடியற்காலை வண்டியில் கூடையோடு ஏறிய தாம்பரத்து விவசாயிக்கு அந்த வண்டி ஒரே நாளில் பாதி பயனற்றதாயிற்று. வண்டி அதுவே, நேரம் அதுவே, கட்டணமும் அதுவே; இறங்கிய இடத்தில் மொத்தச் சந்தை மட்டும் இல்லை.

பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயலுக்குப் புறவழிச்சாலை அமைந்த பின் கோயம்பேடு செல்வது எளிதாயிற்று. பிறகு வண்டலூர் வெளிவட்டச் சாலையும் வந்தது. இவ்விரண்டும் சொந்த வண்டியோ வாடகை வண்டியோ உள்ளவர்க்கே உதவுவன. 2015-இல் கோயம்பேட்டுக்கு மெட்ரோ ரயில் வந்தது. மிக நேர்த்தியான வண்டி. ஆனால் கத்தரிக்காய் மூட்டைக்கு அதில் இடமில்லை. ஆகவே கூடை சுமந்தவர் இருவகையாகப் பிரிந்தனர். சிலர் புறநகர் ரயிலின் வெண்டர் பெட்டியில் ஏறி, மாம்பலத்திலும் சைதாப்பேட்டையிலும் சில்லறையாக விற்கப் பழகினர். ஏனையோர் தோட்டத்துக்கே வரும் தரகரிடம் கொடுத்து, அவர் சொன்ன விலையைப் பெற்றுக்கொண்டனர். தரகரைக் குறை கூறிப் பயனில்லை. வண்டி வைத்திருப்பவன் விலை சொல்வான், வண்டியில்லாதவன் கேட்டுக்கொள்வான்.

பஸ் நிலையங்களும் இவ்வாறே நகர்ந்தன. தென் மாவட்ட பஸ்கள் பாரிமுனையிலிருந்து 2002-இல் கோயம்பேட்டுக்கும், அங்கிருந்து 2023 டிசம்பர் 30-இல் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்துக்கும் மாறின. பட்டணத்தார் தொலைவென்று முறையிடுகின்றனர். தாம்பரத்தார்க்கோ அது வீட்டு வாசல். கும்பகோணத்துக்கோ மதுரைக்கோ பஸ்ஸில் பார்சல் அனுப்பும் நெசவாளர் சங்கங்கள் முன்போலக் கோயம்பேடு வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. இவ்வசதியை நம் சங்கங்கள் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளக் காணோம். பழைய பழக்கத்தில் இன்னமும் நகருக்குள்ளிருக்கும் லாரி செட்டுக்கே சிப்பத்தை அனுப்பி, அது மறுநாள் தாம்பரம் வழியாகவே தெற்கே போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் சங்கமும் உண்டு!

வழிகளெல்லாம் ஒருங்கே அடைபட்ட நாட்களையும் குறிப்பிடாமல் விடலாகாது. 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு கரை புரண்டது. முடிச்சூர் மூழ்கியது, அனகாபுத்தூரில் வெள்ளம் புகுந்தது, தறிக்குழியில் தண்ணீர் நின்றால் பாவும் போயிற்று, தறியும் போயிற்று. ஆற்றின் மேலேயே ஓடுபாதை நீண்டிருக்கும் மீனம்பாக்கம் விமான நிலையம் டிசம்பர் 1 முதல் 6 வரை மூடிக் கிடந்தது. உஸ்கான் பாலம் கட்டிய அதே சைதாப்பேட்டையில், மறைமலையடிகள் பாலத்திலும் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 290 ஆண்டுகளுக்குப் பின்னும் ஆறு அதே இடத்தில்தான் நம்மை மறித்தது. நெய்த துணியை மாதக் கடைசி வரை தரையில் அடுக்கி வைக்காமல், கார்த்திகை மார்கழியில் வாரந்தோறும் அனுப்பிவிடும் சங்கத்துக்கு இழப்பு குறைவாயிருக்கும். கிடங்கில் பலகைத் தட்டு போடும் செலவைத் தள்ளிப்போடும் செயலாளர்கள் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

கணக்கு

இனி நம் கைக்கு எட்டும் காரியத்தைப் பார்ப்போம். 2005-இல் டாட்டா கம்பெனி ஏஸ் என்ற சிறு சரக்கு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம்மவர் அதற்குக் ‘குட்டியானை’ என்று பெயரிட்டனர். குறுகிய தெருவிலும் நுழையும். தோட்டத்து வரப்போரம் வரை வரும். நடுவில் கை மாற்றாமல் சந்தை வாசலில் இறக்கும். கட்டை வண்டியின் குணங்கள் யாவும் அதில் உண்டு. ஆனால் தனியொருவர் வாடகைக்கு அமர்த்தினால் கட்டாது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. போக வர வாடகை 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விவசாயி 120 கிலோ கத்தரியை ஏற்றிச் சென்றால் கிலோவுக்கு 10 ரூபாய் வண்டிக்கூலியாகிறது. அவ்வளவு கொடுத்துவிட்டு அவருக்கு மிஞ்சுவது என்ன? அவரைப் போன்ற 5 பேர் சேர்ந்து 600 கிலோ ஏற்றினால் கிலோவுக்கு 2 ரூபாய்தான். வண்டி அதே வண்டி. வழி அதே வழி. கிலோவுக்கு 8 ரூபாய், சேர்ந்து ஏற்றியதனால் மட்டுமே மிச்சம். திரும்பும்போது வெறும் வண்டியாக வராமல் நூலோ உரமோ ஏற்றி வந்தால் அந்த 2 ரூபாயிலும் ஒரு பகுதி குறையும். நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் ஒரே தெருவில் இருந்தும், ஒன்றின் வண்டி போகும்போது காலி, மற்றதன் வண்டி வரும்போது காலி என்ற நிலையை நான் நேரில் கண்டிருக்கிறேன். தொகைகள் உதாரணமே, அவரவர் ஊர் வாடகையைப் போட்டுப் பார்த்துக்கொள்க.

சொல்வது எளிது, செய்வது அரிது என்பதை அறிவேன். கீரைக்காரருக்கு வைகறையில் வண்டி வேண்டும்; கத்தரிக்காரர் முதல் நாள் மாலையே பறித்துவிடுவார்; நெசவாளருக்கோ மாதத்தில் இரண்டு நாள்தான் வண்டி தேவை. யார் மூட்டை அடியில், யார் மூட்டை மேலே என்பதிலேயே மனத்தாங்கல் வரும். இவற்றையெல்லாம் எண்ணாமல், கடன் வாங்கிச் சொந்தமாகவே ஒரு வண்டி வாங்கிய சங்கம் ஒன்றை அறிவேன். பெயர் வேண்டாம். டிரைவர் சம்பளம், இன்ஷூரன்ஸ், எஃப்.சி., டயர் என்று செலவுகள் அணிவகுத்து வந்தன. வாரத்தில் நான்கு நாள் வண்டி வேப்ப மரத்தடியில் நின்றது. அதன் மேல் கோழிகள் அடைந்தன. முதலில் ஓராண்டு வாடகை வண்டியைச் சேர்ந்து அமர்த்தி, எத்தனை நடை தேவைப்படுகிறது என்று எழுதிப் பார்த்த பிறகே சொந்த வண்டியைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

அவ்வாறு எழுதுவதற்குப் பெரிய ஏடு தேவையில்லை. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். நடை நடந்த தேதி, ஏற்றிய இடம், இறக்கிய இடம், யார் யாருடைய சரக்கு எத்தனை கிலோ, கொடுத்த வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, திரும்பும்போது ஏற்றி வந்தது என்ன அல்லது காலியா என்பவற்றை அன்றன்றே குறித்து, டிரைவரிடம் ஒரு கையொப்பமும் பெற்றுக்கொள்ள வேண்டும். வாடகையையும் கூலியையும் ஒன்றாகச் சேர்த்து எழுதிவிடக் கூடாது. தனித்தனியே இருந்தால்தான் சரக்கு எந்த இடத்தில் வீணாகக் கை மாறுகிறது என்பது புலப்படும். மாதக் கடைசியில் மொத்தக் கிலோவால் மொத்தச் செலவை வகுத்து, வரும் தொகையைச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கலாம். வரும் ஆய்வுகளின்போது, ரொக்கப் புத்தகத்தோடு இந்த நடைப் புத்தகத்தையும் மேசைமேல் எடுத்து வைக்குமாறு செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.